மார்ச்சுக்கு முன்னால் போகாத விதை

17 நவம்பர் 2020, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிடங்கில் கிழங்கு தரம் பிரிக்கும் மெஷினின் பெல்ட் மறுபடியும் அறுந்தது. என் வீட்டுக்காரர் டூகல் அடியில் படுத்து அதைச் சரிசெய்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் "நெட்டா, ஒரு கை குடு" என்றார். கொடுத்தேன். உருளைக்கிழங்குக்கு வருகிற அத்தனை நோய்க்கும் மருந்து தெரிந்த மனுஷனுக்குத் தன் மூட்டுக்கு ஒரு மாத்திரை போடத் தெரியவில்லை.

சாயங்காலம் ட்ரெவரிடமிருந்து ஃபோன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டதும் மகள் எய்லிக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன்.

"எய்லி நல்லா இருக்கா அத்தை. குட்டிப்பயலும் நல்லா இருக்கான். விதைக்கிழங்கு விஷயமா கூப்பிட்டேன். இந்த வருஷம் இப்பவே அனுப்பிடுங்க. டிசம்பர் முடிஞ்சா என்ன ஆகும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முடிவு சொல்ல நான் யார்? டூகலிடம் கொடுத்தேன்.

"மார்ச்சுக்கு முன்னால என் கிடங்கைவிட்டு விதை போனதில்ல, மாப்பிள்ளை. உன் கொட்டகை சூட்டுல பத்து நாள்ல முளை விட்டுடும். இங்க குளுகுளுன்னு தூங்கட்டும். நேரம் வரும்போது நானே எழுப்பி அனுப்பறேன்."

அவருடைய அப்பாவும் இப்படித்தான். சாயங்காலம் குளிர்காற்று வர வடக்குக் கதவைத் திறப்பார், விடியும்போது சாத்துவார். ஊரெல்லாம் குளிர்பதன மெஷின் வைத்த பிறகும் எங்கள் கிடங்கில் கதவுதான். அதில் வைத்த விதைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் மாறப்போகிற வருடத்திலுமா?

"அனுப்பிட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்றேன்.

"நீ வேற. நம்ம விதை இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க?"

நான்கு வருடத்துக்கு முன்னால் ஓட்டுப்போட்டுவிட்டு வந்த அன்றும் இதைத்தான் சொன்னார். ஐரோப்பாவைவிட்டு வெளியேறு என்று குறி போட்டுவிட்டு வந்து இரண்டு முட்டை பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டார். "சுத்தமான விதை வேணும்னா கதவைத் தட்டிக்கிட்டு வருவாங்க, பாரு." கதவையே நாமதானே சாத்துகிறோம் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

24 டிசம்பர் 2020, வியாழன்

ஐரோப்பாவோடு ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். டிவியில் எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். நான் துணியில் மாவைக் கட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன், கிறிஸ்துமஸ் உருண்டைக்கு. பக்கத்துப் பண்ணை மில்ன் உடனே ஃபோனில் வந்துவிட்டான். அவன் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "பாத்தியா டூகல், நம்ம கடல் மீனும் நமக்கே வந்துச்சு, மானமும் வந்துச்சு!" டூகல் விஸ்கி ஊற்றினார். எனக்கும் ஒரு விரல் அளவு.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விதை விவசாயிகள் சங்கத்திலிருந்து செய்தி. எதெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களோ அதில் விதைக்கிழங்கு இல்லை. ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு கிழங்கும் போகக் கூடாது.

"தப்பா டைப் அடிச்சிருப்பாங்க" என்றார்.

நான் இன்னொரு வரியைப் படித்துக் காட்டினேன். வடக்கு அயர்லாந்துக்கும் கிடையாது.

மனுஷன் கண்ணாடியைத் தேடினார். நெற்றியிலேயே இருந்தது.

"அது எப்படி? அது நம்ம நாடு இல்லையா?"

நம்ம நாடுதான். அதே ராணி, அதே பவுண்டு, அதே மழை. வடக்கு அயர்லாந்தில் ட்ரெவரின் பண்ணை இருக்கிற கோம்பரும், கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிற ஆங்கஸும் ஒரே நாடு. ஆனால் பயிர் பச்சை விஷயத்தில் அயர்லாந்துத் தீவு முழுக்க ஐரோப்பாவின் சட்டம்தான் இருக்குமாம். எனவே கடலுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள். யார் போட்டது? நம்ம ஆட்கள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகுலுக்குகிறார்கள்.

உருண்டை அடிப்பிடித்துவிட்டது. அப்படியே எடுத்து வைத்தேன். தின்னட்டும்.

29 டிசம்பர் 2020

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று இப்போது அனுப்பத் துடிக்கிறார். காலையிலிருந்து ஃபோன், ஃபோன், ஃபோன். லாரிக்காரர்கள் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் பிப்ரவரியில் பேசலாம் என்றார். மூட்டையைப் பார்த்து முத்திரை வைக்க வேண்டிய இன்ஸ்பெக்டர் லீவு. வெளியில் தண்ணீர்க்குழாய் உறைகிற பனி, அந்தப் பனியில் விதையை ஏற்றினால் போய்ச் சேரும்போது கூழ்.

நவம்பரில் ட்ரெவர் கேட்டபோது லாரி சும்மா நின்றது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால் மறுநாள் வந்திருப்பார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் சொன்னேன். கிடங்கு வாசலில் நின்று, அவர் காதில் விழும்படி, கிழங்கைப் பார்த்துச் சொன்னேன்: "தூங்குடா செல்லம். நல்லாத் தூங்கு. உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க."

1 ஜனவரி 2021

கொரோனாக் கட்டுப்பாடு. எங்கள் ஊர் வழக்கப்படி புத்தாண்டு அதிர்ஷ்டத்துக்குக் கரித்துண்டோடு வாசலில் முதல் கால் வைக்க யாரும் வரக் கூடாது. நம் விதையும் வாசல் தாண்டக் கூடாது. நல்ல பொருத்தம்.

9 பிப்ரவரி 2021

இன்று விவசாய இலாகாவுக்கு நானே ஃபோன் போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண், சின்னக் குரல், மரியாதையான பெண். அந்த மரியாதைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க விதையில எந்தக் குறையும் இல்ல மேடம். டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் எல்லாத் தகுதியும் இருந்தது."

"ஜனவரி ஒண்ணாந்தேதி அதுக்கு என்னம்மா வந்துச்சு? அம்மை போட்டுச்சா?"

"விதிமுறை மேடம்."

"நான் என் மக வீட்டுக்கு அனுப்பறேன். அவ புருஷன் நட, என் பேரன் தின்ன. வெளிநாட்டுக்கு இல்ல."

"புரியுது மேடம். ஆனா இப்ப நமக்குப் புதுச் சந்தைகள் நிறையத் திறந்திருக்கு. எகிப்து மாதிரி. உங்க ஊர் விதைய அங்க நிறைய வாங்கறாங்க."

எகிப்துக்கு ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிறவர்கள் கப்பல் கப்பலாக அனுப்புகிற பெரிய பண்ணைக்காரர்கள். அவர்களுக்கு ஒரே ரகம் மலை மலையாக வேண்டும். எங்களுடையது ஒரு லாரிப் பண்ணை. இருபது வருடமாக ஒரே லாரி ஒரே கடலைத் தாண்டி ட்ரெவரின் அப்பாவுக்கும் பிறகு ட்ரெவருக்கும் அவன் அக்கம்பக்கத்தாருக்கும் போகிறது. விதை வாங்க வந்த பையன் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனான் என்று கல்யாணத்தில் டூகல் சொன்னபோது கூடாரமே சிரித்தது. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "எகிப்துல எனக்கு மாப்பிள்ளை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

டூகலிடம் போனேன். என் யோசனையைச் சொன்னேன். குதிரை ஏற்றுகிற அந்தப் பழைய டிரெய்லரில் அடியில் மூட்டை, மேலே வைக்கோல். கெய்ர்ன்ரயன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் இரண்டரை மணி நேரம். நானே ஓட்டுகிறேன். யாருக்குத் தெரியும்?

என்னை அவர் பார்த்த பார்வை! ஏதோ திருடி வந்தவளைப் பார்க்கிற மாதிரி.

"லேபிள் இல்லாம ஒரு கிழங்கு என் கிடங்கை விட்டுப் போகாது."

"லேபிளாம் லேபிள். ஓட்டுப் போடும்போது லேபிளைப் பாத்தியா?"

"நெட்டா, சுத்தம்னு சொல்லித்தான் நாம விக்கறோம். கள்ளத்தனமா போன விதைய எவன் சுத்தம்னு நம்புவான்?"

அதுதான் அவருடைய கோளாறே. நேர்மைக்காரர். வயலில் ஒரு செடியின் இலை சுருண்டிருந்தால் சுற்றி இருக்கிற நாலு செடியையும் சேர்த்துப் பிடுங்குகிறவர். இந்த நேர்மைக்காரர்தான் தன் வீட்டு வாசலுக்குத் தானே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் கடலில் எறிந்தார். பொய்க்காரனாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். இவரைத் திட்டினால் பாதியில் எனக்கே வாய் அடைத்துப்போகிறது. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

14 மார்ச் 2021, ஞாயிறு

ட்ரெவர் பேசினான். முதலில் எய்லி வந்து, "அம்மா, அவர் உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"மாமா, ஏப்ரல்ல நட்டாகணும். நிலத்தைச் சும்மா போட முடியாது. டச்சுக்காரர்கிட்ட விதைக்குச் சொல்லிட்டேன், அவங்களுக்குத் தடை இல்ல. லாரி கிளம்பிடுச்சு."

டூகல் ஃபோனை மேஜைமேல் மெதுவாக வைத்தார், முட்டையை வைக்கிற மாதிரி. அதற்குள்ளிருந்து "மாமா? மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்தேன். "நீ என்னப்பா பண்ணுவ" என்றேன். அவன் அழுதானோ என்னவோ. சளி என்றான்.

வைத்த பிறகு டூகல் கேட்டார்: "அந்தப் பையன் எந்த டச்சுக்காரன்கிட்ட வாங்கறானாம்?"

நேற்றுவரை மாப்பிள்ளை. இன்றைக்கு அந்தப் பையன்.

6 மே 2021

விதை அத்தனையும் மில்னின் மாடுகளுக்குப் போகிறது. முத்திரைக்குத் தயாராக வைத்த விதை.

மில்ன் டிராக்டரிலிருந்து இறங்கி, "என் மாடுங்களுக்கு வந்த யோகத்தப் பாரு நெட்டா! ராஜா வீட்டுச் சாப்பாடு!" என்று சிரித்தான். நல்ல மனதோடுதான் சொன்னான், மனதைத் தேற்றுவதாக நினைத்து.

"மீன் வந்துச்சுன்னியே, அதையும் போடு உன் மாட்டுக்கு" என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. டூகல் எனக்காக மன்னிப்புக் கேட்டார். என்னை விட்டுவிட்டு அவனிடம்!

8 ஜூலை 2021

இன்று நோய்ச்செடி பிடுங்கும் வேலை தொடங்கியது. கோணிப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு சாலுக்குச் சால் நடக்கிறார். இலையில் தேமல் தெரிந்தால், இலை சுருண்டிருந்தால், வேறு ரகம் கலந்திருந்தால், செடியையும் அடியில் இருக்கிற கிழங்கையும் ஒன்றுவிடாமல் தோண்டிப் பைக்குள். ஒரு துணுக்கு மண்ணில் விழக் கூடாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் இலை பேசும் என்பார். யாருக்கு இந்த விதை? வாங்க ஆளில்லை. உள்ளூரில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறார். ஆனாலும் நடக்கிறார்.

டீ எடுத்துப் போனேன். வரப்பில் உட்கார்ந்தோம்.

"மூணு வருஷம்" என்றார்.

"என்ன மூணு வருஷம்?"

"டச்சுக்காரன் விதை மூணு வருஷம் தாங்காது. அங்க வெயில் ஜாஸ்தி, அசுவினிப் பூச்சி ஜாஸ்தி. தேமல் விதையோடவே வரும். ஒரு ஜூலைல அந்தப் பையன் வயல் நடுவுல நின்னு தலைல கை வெச்சுப்பான். அப்ப தெரியும் நம்ம விதைன்னா என்னன்னு."

"அது உன் மக சாப்பிடற வயல்."

 டீயைக் குடித்துவிட்டு எழுந்து, சூரியனை முதுகுக்கு வைத்துக்கொண்டு, மறுபடி நடந்தார்.

அப்பன் மகள் வயலில் நோய் வரக் காத்திருக்கிறான். இதைத்தான் சுதந்திரம் என்று விற்றார்களா?

17 அக்டோபர் 2021, கோம்பர்

தனியாக வந்தேன். வரமாட்டேன் என்று சொல்லாமலே வராமல் இருந்துவிட்டார்.

"அப்பா ஏம்மா வரல?"

"மெஷின் பெல்ட் அறுந்துபோச்சு."

"அந்த பெல்ட் என் கல்யாணத்துக்கு முன்னாலயே அறுந்துக்கிட்டுதான் இருக்கு" என்றாள் எய்லி. சிரிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ட்ரெவர் தன் வயல் கிழங்கை வேகவைத்து, வெங்காயத்தாளும் வெண்ணெயும் போட்டு மசித்தான். பேரன் இரண்டு கையாலும் அள்ளித் தின்றான். நானும் தின்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ரொம்ப நன்றாக இருந்தது.

3 ஏப்ரல் 2022

விதைக்கிழங்கு நட்டுவந்த ஆற்றங்கரை வயலில் இந்த வருடம் பார்லி. டிராக்டரில் ஏறும்போது டூகல் அந்த வயலைப் பார்க்கவே இல்லை.

28 பிப்ரவரி 2023

நேற்று ஏதோ புது உடன்பாடாம். வடக்கு அயர்லாந்துக்கு மட்டும் விதைக்கிழங்கு மறுபடியும் போகலாமாம், தனி லேபிளோடு, வருடக் கடைசியிலிருந்து. பரவாயில்லையே, நம் நாட்டுக்குள் நாம் பொருள் அனுப்ப நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கைதட்ட வேண்டுமா?

டூகல் காலையில் சவரம் செய்துகொண்டு கிடங்குக்குப் போனார். கிடங்குக்கு யாராவது சவரம் செய்துகொண்டு போவார்களா? வடக்குக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். விசில் வேறு.

"இப்பவே ஆடாதே" என்றேன்.

"நான் சொன்னேன்ல, கதவைத் தட்டுவாங்கன்னு."

யாரும் தட்டவில்லையே டூகல். பூட்டின ஆளே வந்து பாதிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அவ்வளவுதானே? ஆனால் சொல்லவில்லை. எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாளாயிற்று அந்த விசிலைக் கேட்டு.

22 ஏப்ரல் 2023

ஆற்றங்கரை வயலில் மறுபடியும் விதைக்கிழங்கு நட்டோம். ட்ரெவரைக் கேட்டியா என்றேன். "கேக்கறதுக்கு என்ன இருக்கு, நம்ம பையன்தானே?" என்றார். பையனுக்கு முன்னால் 'அந்த' காணாமல் போயிருந்தது.

5 நவம்பர் 2023, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று டூகல் தானே ஃபோன் போட்டார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு. முன்னாலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காகிதத்தில் ரகம் பெயரெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், நானும் கேட்க வேண்டும் என்று.

"ட்ரெவர், இந்த வருஷம் விதை பிரமாதமா வந்திருக்கு. மார்ச் வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே அனுப்பறேன். நாளைக்கே வேணும்னாலும் அனுப்பறேன்."

என் மனுஷன் வாயிலிருந்து! அவர் அப்பா காலத்திலிருந்து மார்ச்சுக்கு முன்னால் போகாத விதை. 

"மாமா... டச்சுக்காரரோட பேசி முடிச்சுட்டேன்."

"சரி. அடுத்த வருஷத்துக்கு?"

"அவர்கிட்டயே இருந்துடலாம்னு பாக்கறோம். நான் மட்டும் இல்ல, இங்க எல்லாருமே. உங்க மேல ஒண்ணும் இல்ல மாமா. மறுபடி எப்ப எவன் கதவ மூடுவான்னு தெரியாது. இதுல ஒரு வருஷம் மாட்டினா போதும், நான் எழுந்திருக்க மாட்டேன்."

"அவன் விதைல தேமல் இருக்கும்."

"இல்ல மாமா. நல்லா இருக்கு."

"உனக்குத் தெரியாது. ஜூலைல பாத்தாதான் தெரியும்."

"சரி மாமா" என்றான் ட்ரெவர். எவ்வளவு மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ட்ரெவர்மேலா? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஒரு தடவை வாசலைச் சாத்தினவர்களிடம் எவன் மறுபடி பாலுக்குச் சொல்லிவைப்பான்? டிவியில் கைகுலுக்கினார்களே, அவர்கள் யாருக்காவது இந்தச் சமையலறை தெரியுமா? ரகம் பெயர் எழுதின காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பது தெரியுமா? சந்தை திறந்துவிட்டது என்று கணக்குக் காட்டுவார்கள். திறந்துதான் இருக்கிறது. வாங்குகிறவன் வேறு கடைக்குப் பழகிவிட்டான்.

நான் சொன்னேன், நான் சொன்னேன், நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, நூறு தடவை சொன்னேன்.

2 மார்ச் 2024

மில்னின் மாடுகளுக்கு மறுபடியும் யோகம். இந்த முறை மில்ன் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான், சவம் எடுக்க வந்தவன் மாதிரி.

19 ஜூலை 2024, வெள்ளி

நாளை கப்பல். எய்லியின் இரண்டாவது குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். டூகலும் வருகிறார். நானும் எய்லியும் மாறி மாறிக் கத்தியதில் வருகிறார் என்று நினைத்தேன்.

காரின் பின்பக்கம் என் பெட்டியை வைக்கப் போனால், அவருடைய கோட்டுக்கு அடியில் கோணிப்பை. நோய்ச்செடி பிடுங்குகிற பை. புதுசு. பக்கத்தில் பூட்ஸ், மருந்துத் தண்ணீரில் கழுவித் துடைத்தது.

அடப்பாவி மனுஷா. குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கிளம்பவில்லை. அவர் கெடு வைத்த மூணாவது வருஷ ஜூலை என்று கிளம்பியிருக்கிறது.

பையை எடுத்து வெளியில் எறியலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். பிறகு அங்கேயே வைத்துக் கோட்டால் மூடினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

21 ஜூலை 2024, ஞாயிறு, கோம்பர்

குழந்தை தலையில் தண்ணீர் பட்டதும் கோயிலே அதிரக் கத்தினாள். நம் வீட்டுக் குரல். பிறகு வீட்டில் விருந்து, சொந்தம், சோடா ரொட்டி, டீ. டூகலும் ட்ரெவரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்க்காமல். கேக் வெட்டின பிறகு டூகல் எழுந்து அவனிடம் போனார்.

"உன் வயலைப் பாக்கலாமா?"

"பாருங்க மாமா."

கோட்டு சூட்டோடேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே வயல். ஜன்னலுக்கு ஜன்னல் சொந்தக்காரர்கள் டீக்கோப்பையோடு நின்றார்கள்.

"அம்மா, அப்பாவக் கூப்பிடு. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் எய்லி, காதெல்லாம் சிவந்து.

"விடு" என்றேன்.

நான் வாசல்படியில் நின்றேன். சாலுக்குச் சால் நடந்தார். சூரியன் முதுகில். பூ விட்டிருந்தது, இடுப்பளவு பச்சை. ஒரு சாலின் கடைசி வரை போய் அடுத்ததில் திரும்பினார். மறுபடி. மறுபடி. இந்த மூன்று வருடமும் நான் இந்த மனுஷனிடம் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: நம்மை விட்டால் ஆளில்லை என்று நினைக்காதே. நான் சொன்னதுதான் சரி. இந்த வயலே சாட்சியாக நிற்கிறது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதிவிடுகிறேன். ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது. ஒரே ஒரு செடி. என் மகள் வயலில், என் பேரக்குழந்தைகள் தின்கிற வயலில், ஒரு சுருண்ட இலை இருக்கட்டும், அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்து வரட்டும் என்று — நானும்தான் வேண்டிக்கொண்டேன். கோயிலிலிருந்து வந்த அன்றைக்கு.

கடைசிச் சாலுக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ட்ரெவர் எனக்குப் பின்னால் வந்து நின்றது அவன் மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

வாசலுக்கு வந்தபோது முகம் வியர்த்திருந்தது. பை தட்டையாகத் தொங்கியது. படியில் ஏறாமல் கீழேயே நின்று, ட்ரெவரை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"விதை சுத்தம், மாப்பிள்ளை."

ட்ரெவர் "உங்க டீ ஆறிப்போச்சு மாமா. வேற போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். சமையலறையில் கெட்டிலை வைக்கிற சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் தண்ணீர் பிடிக்கிற சத்தமும்.

நான் எத்தனை கத்தியிருப்பேன்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை "ஆமா நெட்டா" என்று என்னிடம் சொல்லியிருப்பாரா? சொல்ல வேண்டிய சொல்லை அவனிடம் சொல்லிவிட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

26 ஜூலை 2024

வீடு. வயல் ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வருகிற வாரம். காலையில் டூகலே ஃபோன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இல்ல, நோய் ஒண்ணும் இல்ல. இது விதைக்குப் போகாது. சாப்பாட்டுக்குப் போகுது. இனிமே அப்படித்தான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. "அடுத்த வருஷமா? பார்லி" என்றார்.

பிறகு சமையலறை நடுவில் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"நெட்டா, நீ அப்பவே சொன்ன—"

"ஈரப் பூட்ஸோட உள்ள வந்து நிக்கிறியே, இப்பதானே துடைச்சேன்! போ வெளிய!" என்று கத்திவிட்டேன். போனார். பூட்ஸ் ஈரமே இல்லை. மழை பெய்து நாலு நாளாகிறது.

துணி துவைக்கப் போட்டபோது காரிலிருந்து அந்தப் பையையும் எடுத்து வந்தேன். வழக்கமாக ஜூலை முழுக்க இந்த மாதிரிப் பையை வாசலில் வைத்து உதறி உதறிக் கை வலிக்கும், அத்தனை மண், அத்தனை இலை. கவிழ்த்துப் பிடித்து உதறினேன். மண்கூட விழவில்லை.